காலையில் மட்டும் வரும் கோளாறு

எங்கள் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் கெட்டுப்போனதற்கு நான்தான் காரணம் என்று முடிவு செய்ய அண்ணாச்சிக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் திரையில் அப்டேட் கேட்டது. நான் சரி என்று அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கள்கிழமை காலையில் ஃபைல் மேனேஜரைத் திறந்தால், திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. அவ்வளவுதான், மொத்தப் பழியையும் என் தலையில் கட்டிவிட்டார்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற இருளப்பசாமி டிஜிட்டல் ஸ்டுடியோவில் நான் டிசைனர். கல்யாண ஆல்பம், காதுகுத்து பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையில்தான் உருவாகும். முதலாளி பெயர் கண்ணுச்சாமி. தெருவே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். நல்ல மனுஷர்தான், கோபம் வரும்வரைக்கும். எனக்கும் கோபம் வரும். ஆனால் நான் கோபப்பட்டால் சம்பளம் தர ஆளில்லை என்பதால் கடையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரர் மாரீஸ்வரன்மேல் காட்டுவேன். பாவம் அவர்.

கம்ப்யூட்டருக்குள் சேர்த்து வைத்திருக்கும் படங்களைத் தேடி எடுப்பதற்கான ஜன்னல்தான் ஃபைல் மேனேஜர். அது திறக்காவிட்டால் படங்கள் உள்ளே இருந்தும் இல்லாத கணக்குத்தான். டிசைன் செய்கிற சாப்ட்வேருக்குள் போய் அங்கிருந்து ஒரு படத்தைக் கூப்பிட்டாலும் அதே ஜன்னல்தான் வர வேண்டும், வந்ததும் மூடிக்கொண்டது. செட்டியார்பட்டிக் கல்யாண வீட்டு ஆல்பம் பாதியில் நின்றது. பெண் வீட்டுக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள்.

"எவன் ஒன்ன அப்டேட் பண்ணச் சொன்னான்? நல்லா ஓடிக்கிட்டிருந்தத நோண்டிப்புட்டு இப்ப முழிக்க" என்றார் அண்ணாச்சி.

"அது பண்ணலைன்னா வைரஸ் வருமாம் அண்ணாச்சி."

"இப்ப மட்டும் என்ன வந்திருக்காம்?"

அவருக்கு ஒரு அக்கா மகன் இருக்கிறான், ராம்கி. படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். போனில் விஷயத்தைக் கேட்டதும், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடுங்க மாமா, நான் வேணா வந்து உக்காருறேன்" என்றானாம். அண்ணாச்சி அதை என் காதில் விழும்படி இரண்டு தடவை சொன்னார். புதுசாகப் போடுவது கம்ப்யூட்டரை மட்டுமில்லை என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது.

அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் நான் மில்லில் இருந்தேன். காலை ஷிப்ட், சாயங்கால ஷிப்ட் என்று மாறி மாறி நின்றே கால் வீங்கிய காலம் அது. ஷிப்ட் இல்லாத நேரத்தில் டிசைன் கிளாசுக்குப் போய்ப் படித்துத்தான் இந்த இடத்தைப் பிடித்தேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று மில்லில் பழகியவர்கள் பொறாமைப்படுவார்கள். எனக்கு அது மட்டுமில்லை. வெயிலில் கறுத்து, வேர்த்து, பயந்துபோய் நிற்கிற ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தை, அவள் தோலின் நிறத்தை மாற்றாமலே, அவளே ஆசையாகப் பார்க்கிற மாதிரி எடுத்துக் கொடுக்க எனக்குத் தெரியும். அந்த வேலையை விட்டுவிட்டு மறுபடியும் பஞ்சுத் தூசிக்குள் போக என்னால் முடியாது.

ஹெப்சிபா அன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பகுதிக்காரி. கம்ப்யூட்டர் சர்வீஸ் அவள் தொழில். ஸ்கூட்டரில் ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் மில் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்துக்கும் போய் வருவாள். அவளைவிட நான் பத்து வயதாவது மூத்தவளாக இருப்பேன்.

"பால்கோவா இல்லாம வந்திருக்க?" என்று அண்ணாச்சி வாசலிலேயே கேட்டார். அந்த ஊர்க்காரர் யார் வந்தாலும் இதைக் கேட்பார்.

"கம்ப்யூட்டருக்கு இனிப்பு ஆகாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

வந்ததும் அவள் மௌஸைத் தொடவில்லை. அதுவே எனக்குப் பிடித்துப்போனது. இதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து டகடகவென்று தட்டுவார்கள். கேள்வி கேட்டால் கெத்து போய்விடும் என்கிற நினைப்பு. இவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்களே தொறங்கக்கா, நான் பாக்கேன்" என்றாள். திறந்தேன். வெள்ளையாக ஒரு ஜன்னல் வந்து, திரையில் இருந்த எல்லாமே ஒரு நொடி காணாமல் போய், திரும்பி வந்தது. ஜன்னல் மட்டும் வரவில்லை. "இன்னொருக்க" என்றாள். மறுபடியும் அதே கதை. அவள் முகத்தில் எரிச்சலே இல்லை, நன்றாகக் கதை கேட்கிறவள் முகம்.

"ராம்கி எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுதான்" என்றார் அண்ணாச்சி.

"அழிச்சா சரியாயிரும். ஆனா என்ன கோளாறுன்னு தெரியாமப் போயிரும். தெரியாமப் போனா திரும்ப வரும்."

கடைசியாகத் திறந்த படங்களின் பெயர்களை ஃபைல் மேனேஜர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அந்த ஞாபகத்தை ஹெப்சிபா வெளியிலிருந்தே துடைத்துவிட்டாள். அதன் பிறகு திறந்தால் ஜன்னல் அழகாக நின்றது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சாயங்காலம் வரைக்கும் செட்டியார்பட்டி ஆல்பத்தில் வேலை பார்த்தேன். ஒரு தடவைகூடச் சுணங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறந்து, நான் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் மேனேஜரைத் திறந்தேன். மூடிக்கொண்டது.

அண்ணாச்சி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ள கை பட்டா ஒழுங்கா இருக்கு. ஒன் கை பட்டா மூடிக்கிடுது" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சும்மா, வானிலை சொல்வதைப் போலச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

ஹெப்சிபா மறுபடியும் வந்தாள். அதே கம்ப்யூட்டரில் வேறொரு பெயரில் புதிதாக ஒரு யூசரை உருவாக்கி, அதற்குள் நுழைந்து திறந்து பார்த்தாள். அங்கே எந்தச் சிக்கலும் இல்லை. எங்கள் பழைய யூசருக்குத் திரும்பி வந்தால் விழுந்தது.

"கம்ப்யூட்டர்லயும் தப்பில்ல, டிஸ்க்கும் நல்லாருக்கு. இந்த யூசர்ல காலையில நடக்குற ஏதோ ஒண்ணுதான் இத விழ வைக்குது" என்றாள்.

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர்மேல் பாய முடியாது என்பதால் இவள்மேல் பாய்ந்தேன். "வைத்தியம் பாக்க வந்தியா, ஆள் காட்டிக் கொடுக்க வந்தியா?" என்று வெடுக்கென்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் பையை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஹெப்சிபா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்களச் சொல்லலக்கா. காலையில வந்ததும் முதல்ல எதத் தொறப்பீக?" என்றாள்.

"கல்யாண ஃபோல்டரு. வேறென்ன?"

"நீங்க அண்ணாச்சி? நீங்க ஏதும் தொறப்பீகளா?"

"நான் என்னத்தத் தொறக்கப் போறேன்? அது அவ சீட்டு."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கோயில் வாசலில் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம். ஹெப்சிபா மறுபடியும் அந்த ஞாபகத்தைத் துடைத்துக் கொடுத்தாள். விழுந்தால் நானே எப்படித் துடைக்க வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். புதன்கிழமை காலையில் விழுந்தது. துடைத்தேன், எழுந்தது.

"தெனமும் காலையில ஊசி போட்டாத்தான் எந்திரிக்கும்னா அது என்ன பொழப்பு?" என்றார் அண்ணாச்சி. "வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்கேன். சரியாகலைன்னா சனிக்கிழமயிலருந்து ராம்கி வருதான். நீ வேற எடம் பாத்துக்கோ."

அன்றைக்கு ராத்திரி நான் மாரீஸ்வரனிடம் எதையும் காட்டவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவர்தான் பயந்துபோய், "ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹெப்சிபா போன் செய்தாள். கூப்பிடாமலே செய்தாள். வேலை முடிந்தது என்று காசை வாங்கிக்கொண்டு போனவள் மறுபடி தானாகக் கூப்பிட்டு விசாரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்னைக்குக் காலையிலயும் விழுந்துச்சாக்கா?"

"காலையில இல்ல. இப்பத்தான், செத்த நேரம் முன்னாடி."

"ஏன், காலையில தொறக்கலையா?"

"எங்க? அண்ணாச்சி சேத்தூர்ல ஒரு எழவுக்குப் போயிருந்தாரு. குளிச்சிட்டு வர மத்தியானம் ஆயிருச்சு."

"அவிய வராட்டி என்ன? நீங்க கம்ப்யூட்டரப் போடலாம்ல?"

"அவரு வராம யாரு தொடுவா?"

"ஏங்க்கா?"

"அது அப்படித்தான்" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

உடனே அவள், "நாளைக்குக் கடை தொறக்கும்போதே நான் அங்க இருப்பேன். நீங்க யாரும் எனக்காக எதையும் மாத்த வேண்டாம். தெனமும் நடக்குற மாதிரியே நடக்கட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் போவதற்கு முன்னாலேயே ஷட்டருக்கு வெளியே நின்றாள். அண்ணாச்சி வந்தார். அவளைப் பார்த்து, "என்ன, இன்னைக்குத்தான் கடைசின்னு வழியனுப்ப வந்தியா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. "செத்த நேரம் நான் இல்லைன்னு நெனச்சிக்கோங்க அண்ணாச்சி. நீங்க பாட்டுக்கு ஒங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள்.

அண்ணாச்சி வாசலில் தண்ணீர் தெளித்தார். கம்ப்யூட்டரைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, திரையின் மூலையில் இருந்த படத்தைத் தட்டினார். இருளப்பசாமி திரை நிறைய வந்து நின்றார். முறுக்கு மீசை, ஓங்கிய அரிவாள், மல்லிகை மாலை. அண்ணாச்சி பத்தியைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றி, கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டு, படத்தை மூடிவிட்டு எழுந்தார். "ம், உக்காரு" என்றார் என்னிடம்.

எங்கள் கடையில் தினமும் இதுதான் நடக்கும். அந்தப் படம் அவருடைய குலசாமி. கோயில் கொடைத் திருவிழா நடந்தபோது ஏணிமேல் ஏறி நின்று அவரே துண்டு துண்டாகப் போட்டோ எடுத்து ஒன்றாகச் சேர்த்தது. கோயில் வாசலில் ஆர்ச் உயரத்துக்கு பிளெக்ஸ் அடித்தார்களே, அதன் அசல் அதுதான். ஒரு கல்யாண ஆல்பம் முழுவதையும் சேர்த்தாலும் அம்புட்டுக் கனம் வராது. சாமியைத் திறக்காமல் கம்ப்யூட்டரில் வேறு எதையும் திறக்கக் கூடாது. சாமியைத் திறப்பது அவர் கையால்தான் நடக்க வேண்டும். ஒரு தடவை காய்ச்சலில் கிடந்தவர் குரங்குக் குல்லாவோடு ஆட்டோவில் வந்து இறங்கி, சாமியைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் உட்கார்ந்து ஃபைல் மேனேஜரைத் திறந்தேன். மூடிக்கொண்டது.

நிமிர்ந்து ஹெப்சிபாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பத்திப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. 'முதலில் எதைத் திறப்பீர்கள்' என்று அவள் கேட்டபோது எனக்கும் இது ஞாபகம் வரவில்லை, அண்ணாச்சிக்கும் வரவில்லை. சாமி கும்பிடுவதை யார் கம்ப்யூட்டர் வேலைக் கணக்கில் சேர்ப்பார்கள்?

என் மேல் தப்பில்லை என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் குலசாமி படத்தால்தான் கடை கம்ப்யூட்டர் விழுகிறது என்று அண்ணாச்சியிடம் யார் சொல்வது? நான் சொன்னால் செய்த தப்பைச் சாமிமேல் போடுகிறாள் என்பார். இவள் சொன்னால் இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற பிள்ளை எங்கள் சாமியைக் குறை சொல்கிறாளா என்று ஆரம்பித்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். ஹெப்சிபா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி உள்ளங்கையைத் தாழ்த்தினாள். பொறு என்று அர்த்தம்.

அவள் அவசரப்படவே இல்லை. முதலில் ஞாபகத்தைத் துடைத்தாள். என்னைக் கல்யாணப் படம் ஒன்றைத் திறந்து மூடச் சொன்னாள். ஃபைல் மேனேஜர் நின்றது. காதுகுத்துப் படத்தைத் திறக்கச் சொன்னாள். நின்றது. பிளெக்ஸ் படம் ஒன்று. அதற்கும் நின்றது. எல்லாவற்றையும் அண்ணாச்சி பார்க்கும்படியாகவே செய்தாள். பிறகு எழுந்து அவருக்கு நாற்காலியை விட்டாள்.

"அண்ணாச்சி, சாமி படத்த நான் தொட மாட்டேன். நீங்களே ஒருக்க தொறந்து மூடுங்க."

அவர் புருவத்தைச் சுருக்கினார். ஆனாலும் உட்கார்ந்து திறந்து மூடினார். அவரையே ஃபைல் மேனேஜரையும் திறக்கச் சொன்னாள். அவர் கையாலேயே அது விழுந்தது.



"எங்க சாமியாலதான் போச்சுங்கியா?" என்றார் அண்ணாச்சி. குரல் தணிந்திருந்தது. அவர் குரல் தணிந்தால் நாங்கள் பயப்படுவோம்.

ஹெப்சிபா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவரை அண்ணாந்து பார்த்துப் பேசினாள்.

"எங்க வீடு வைத்தியநாதசுவாமி கோயிலுக்குப் பக்கத்துல அண்ணாச்சி. சாமி பொறப்பாடுன்னா நாங்களும் வாசல்லதான் நிப்போம். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எடம் புடிச்சிக் குடுக்குறதே எங்கம்மாதான். ஒண்ணு கேக்கேன். கர்ப்பகிரகத்துல இருக்குற மூலவரையா தெருவுக்குத் தூக்கிட்டு வாறாக?"

"அதெப்படி? வீதிக்கு வாறது உற்சவருல்லா."

"அதான். மூலவரு உள்ளயே இருப்பாரு. தெருவுக்கு உற்சவருதான் வருவாரு. நீங்க மட்டும் தெனமும் காலையில மூலவரையே வெளிய கொண்டாரீக. கொடைக்கு ஆர்ச் உயரத்துக்கு அடிச்ச அசலு இது. இத்தன நாளு ஒண்ணும் ஆகல. இப்ப அப்டேட்ல என்ன பண்ணிட்டானுங்கன்னா, ஃபைல் மேனேஜரு வாசல்லயே சின்னச் சின்ன மாடமாக் கட்டிட்டான். கடைசியா யார் யாரப் பாத்தீகளோ அவிய படத்தையெல்லாம் சின்னதாக்கி அந்த மாடத்துல வச்சிக் காட்டப் பாக்குது. கல்யாணப் படமெல்லாம் உள்ள போயிருது. இவ்வளவு பெரியவரு அந்த மாடத்துக்குள்ள எப்படி நுழைவாரு? சாமிமேல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் மாடத்தோடது."

அந்தப் பிள்ளையின் மூளையைப் பாராட்டுவதா, மனசைப் பாராட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கோளாறைக் கண்டுபிடிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். கண்டுபிடித்ததை ஒருத்தர் நெஞ்சு நோகாமல் சொல்வதற்கு வார்த்தை தேடுகிறவர்கள் எத்தனை பேர்? அவள் நம்பாத ஒன்றை நம்புவதாகவும் நடிக்கவில்லை. தான் பிறந்து வளர்ந்த தெருவில் பார்த்ததை எடுத்து அப்படியே முன்னால் வைத்தாள்.

அண்ணாச்சி கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"சின்னதாக்குனா கண்ணு தெளிவாத் தெரியுமா?"

"தெரியிற அளவுக்குத்தான் ஆக்குவோம். நீங்க பாத்துப் போதும்ங்கிற எடத்துல நிறுத்திக்கிடலாம்."

"சரி, பண்ணு."

ஹெப்சிபா தலையை ஆட்டினாள். "எனக்கு மெசினத் தெரியும் அண்ணாச்சி, படத்தத் தெரியாது. சின்னதாக்குறப்ப கண்ணும் மீசையும் கலங்காமப் பாத்துக்கணும்னா அதுக்குக் கை வேணும். அது அக்காகிட்டதான் இருக்கு." பிறகு, போகிற போக்கில் சொல்வதைப் போல, "அந்த அப்டேட்ட அக்கா போட்டது நல்லதுதான். போடாம விட்டிருந்தாத்தான் நான் சத்தம் போட்டிருப்பேன்" என்றாள்.

அண்ணாச்சி எழுந்து எனக்கு நாற்காலியை விட்டார்.

நான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அசலைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து அதைச் சிறிதாக்கினேன். "கண்ணு மங்குது" என்றார் அண்ணாச்சி. கண்ணை மட்டும் தனியாகப் பிடித்துக் கூர்மையாக்கினேன். "அரிவா நுனி?" நுனிக்கு வெளிச்சம் கொடுத்தேன். "மாலையில பூ பூவாத் தெரியணும்." அதையும் கொண்டுவந்தேன். எனக்கு அது ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்துக்குச் செய்கிற வேலைதான், ஆனால் அன்றைக்குச் செய்த மாதிரி ஒருநாளும் செய்ததில்லை. ஒரு கட்டத்தில் அவர் குனிந்து திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "ம்ம், பாக்காரு" என்றார்.

அசலைத் தனியாக ஒரு டிஸ்க்கில் வைத்துப் பூட்டி, ஞாபகத்தைத் துடைத்துவிட்டுக் கல்யாணப் படம் ஒன்றைத் திறந்து மூடினோம். சின்னப் படத்தை அவர் வழக்கமாகத் தட்டுகிற மூலையில் வைத்தோம். அண்ணாச்சி அதைத் திறந்து மூடினார். நான் ஃபைல் மேனேஜரைத் திறந்தேன். நின்றது. வாசலில் முதல் மாடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, இருளப்பசாமி மீசையோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் செட்டியார்பட்டிக் கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல என் தப்பும் இருக்குக்கா" என்றாள் ஹெப்சிபா, பையை மாட்டிக்கொண்டே. "முதல் நாளே ஞாபகத்தத் தொடைக்கிறதுக்கு முன்னால அதுல என்ன இருக்குன்னு வேற வழியிலயாவது பாத்திருக்கணும். பாத்திருந்தா நீங்க இந்த வாரம் பூரா பேச்சு வாங்கியிருக்க வேண்டாம்." ஐந்து நாளாக என் மேல் தப்பு என்று சொல்லாதவள், ஒன்றுமில்லாததற்குத் தன்மேல் தப்பு என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். "அடுத்த தடவ வந்தா எங்க வீட்டுலதான் சாப்பிடணும்" என்று மட்டும் சொன்னேன். அவள் வண்டி சத்தத்தில் அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அன்றைக்கு முழுவதும் அண்ணாச்சி என்னிடம் பேசவில்லை. ராம்கி வருவானா மாட்டானா என்று நானும் கேட்கவில்லை. கேட்டு அசிங்கப்படுவானேன்? சாயங்காலம் நான் கிளம்பும்போது அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மூலையில் இருந்த சாமி படத்தை மெல்ல இழுத்துத் திரையின் நடுவில் வைத்துக்கொண்டிருந்தார். இடம் சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று வேறு பார்த்தார்.

சனிக்கிழமை காலையில் நான் கடைக்குள் நுழையும்போது ராம்கியின் பைக் வாசலில் நிற்குமோ என்று பார்த்தேன். நிற்கவில்லை. தண்ணீர் தெளித்து முடிந்திருந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பத்தியைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை.

"ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? வந்து சாமியத் தொற" என்றார்.

"நானா? நீங்கதானே அண்ணாச்சி எப்பவும்..."

"எனக்கு அந்தச் சின்னப் படம் எங்க இருக்குன்னு தெரியல" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

படம் திரையின் நட்டநடுவில், அவர் தன் கையால் வைத்த இடத்தில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவர் நிற்க நான் உட்கார்ந்து, சாமியைத் திறந்தேன்.